யார்டுக்குள் ஓர் அமெரிக்க ரோடு

நான் படித்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை. அதிலும் மூன்றாம் வகுப்பில் பாதி, வாத்தியார் வீட்டுக்குத் தண்ணீர் தூக்கியதில் போய்விட்டது. இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. இந்தப் படிப்பை வைத்துக்கொண்டு பதினொரு லோரி வாங்கியவன் கிள்ளானில் வேறு யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள், காப்பி வாங்கிக் கொடுக்கிறேன். துறைமுகத்தில் சரக்கு ஏற்றினால் மலேசியாவில் தெற்கே ஜொகூர், வடக்கே பெர்லிஸ், என் சக்கரம் படாத ரோடு கிடையாது. ரோட்டைப் பற்றி எனக்கு எவனும் பாடம் எடுக்க முடியாது என்று லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து சொல்லி வருகிறேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். நடுவில் ஐந்து வாரம் மட்டும் கொஞ்சம் சறுக்கிவிட்டது. அதை நானே எழுதிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் வீட்டுக்காரி கல்யாண வீடு, கருமாதி வீடு என்று பாராமல் தன் இஷ்டத்துக்குச் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. என் மகள் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு ஒரு விண்ணப்பப் பாரத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். மாணவர் பரிமாற்றத் திட்டமாம். இங்கிருந்து ஒரு பிள்ளை வெளிநாட்டுக்குப் போய் அங்கே ஒரு குடும்பத்தில் ஒரு வருடம் சொந்தப் பிள்ளை மாதிரி இருந்து படிக்கும். அங்கிருந்து ஒரு பிள்ளை இங்கே வந்து நம் வீட்டில் இருக்கும்.

"அப்ப பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கிற சம்பந்தம்னு சொல்லு" என்றேன்.

மகள் சிரிக்கவில்லை. அவள் அம்மா சிரித்தாள்.

பெட்டாலிங் ஜெயாவில் நேர்முகம். பெற்றோரும் வர வேண்டும் என்றார்கள். கேள்வி கேட்க உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அதே திட்டத்தில் முன்பு போய் வந்தவர்கள். கழுத்தில் டையும் கையில் பேனாவுமாக இருந்த ஒருவர் என்னைப் பார்த்து, "உங்க மகள் திரும்பி வந்ததும் இந்தச் சமூகத்துக்கு என்ன செய்வாங்க, அங்கிள்?" என்றார். போய் வந்தவர்கள் சும்மா இருக்கக் கூடாது, கற்றதை ஊர் மக்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது அவர்கள் வைத்திருந்த வழக்கம்.

"தம்பி, என் லோரி காலியாத் திரும்பினதே கிடையாது. போறப்ப ஒரு லோடு, வர்றப்ப ஒரு லோடு. என் மகளும் அப்படித்தான்" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். என் கண்ணால் பார்த்தேன். மகளைத் தேர்ந்தெடுத்தது அவள் மார்க்குக்காக என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். எதற்காக என்று எனக்குத் தெரியும்.

மகள் அமெரிக்கா போனாள். கடிதம் போட்டாள். சோளக்காட்டைப் பற்றி எழுதினாள், பனியைப் பற்றி எழுதினாள். என் வீட்டுக்காரி மூன்று முறை படித்தது ஒரே ஒரு கடிதத்தைத்தான். அவள் தங்கியிருந்த வீட்டு அம்மா தானே காரை எடுத்துக்கொண்டு சந்தைக்கும் தேவாலயத்துக்கும் போகிறாராம். அந்தப் பக்கத்தை மட்டும் என் வீட்டுக்காரி மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

அதற்குக் காரணம் இருந்தது. என் வீட்டுக்காரி அச்சுமுறுக்குப் போடுவாள். வாயில் வைத்தால் கரையும். ஒவ்வொரு தீபாவளிக்கும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பலகாரக் கடைக்குப் பெரிய டப்பாக்களில், தகரம் தகரமாகப் போகும். கொண்டுபோவது என் லோரி. லோரி முதலில் துறைமுகத்துக்குப் போகும், பிறகு சரக்கு இறக்கப் போகும், கடைசியில்தான் பிரிக்பீல்ட்ஸ். முந்தின தீபாவளிக்கு முறுக்கு போய்ச் சேர்ந்தது பண்டிகைக்கு முதல்நாள் சாயங்காலம். அதுவும் முறுக்காகப் போகவில்லை, பாதி தூளாகப் போனது. கடைக்கார அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "அடுத்த வருஷம் நேரத்துக்கு, முழுசா வரணும். இல்லன்னா வேற ஆளைப் பார்த்துக்கிறேன்." இருபது வருடத்துக் கை வேலை. அது தன் கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு.

மகள் திரும்பி வந்தாள். அவளோடு அதே வருடம் அமெரிக்கா போய்வந்த ஒரு மலாய்ப் பெண்ணும் சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் எங்கள் பண்டமாரான் வட்டாரத்துப் பெண்கள் எட்டுப் பேரை எங்கள் வீட்டு ஹாலில் கூட்டினார்கள். தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள், கோயிலில் பூக்கட்டுகிறவர்கள், அப்படி. "ஆன்டி, ஞாயித்துக்கிழமை வகுப்பு நடத்தப் போறோம். உங்களுக்கு என்ன கத்துக்கணும்?" என்று கேட்டார்கள். இங்கிலீஷ் என்பார்கள், தையல் என்பார்கள் என்று நினைத்துத்தான் கேட்டார்கள்.

"கார் ஓட்ட" என்றாள் என் வீட்டுக்காரி.

மற்ற ஏழு பேரும் கையைத் தூக்கினார்கள். நான் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். "இந்தா, நீ ஒரே தடவையில லைசென்ஸ் எடுத்துட்டா, நான் பின் சீட்டுல உட்கார்ந்து, முறுக்குத் தகரத்தை மடியில வச்சுக்கிட்டு பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் வரேன்!"

"தகரத்தை நல்லாப் பிடிச்சுக்கணும்" என்றாள் அவள்.

அந்தக் காலத்தில் முதலில் ஒரு வாய்ப் பரீட்சை. அதிகாரி மேசைமேல் சின்ன ரோடும் பொம்மைக் காரும் வைத்திருப்பார். கேள்வி கேட்பார், காரை நகர்த்திக் காட்டச் சொல்வார். அதில் தேறினால்தான் நிஜக் காரைத் தொட்டுப் பழகலாம். அதில் தோற்றால் மறு தேதிக்குக் காத்திருக்க வேண்டும், தீபாவளி தாண்டிவிடும். ஆகவே வகுப்பு அந்த மேசைப் பரீட்சைக்கு என்று முடிவானது. இடம் என் லோரிகள் நிற்கும் யார்டு. இடம் கொடுத்தவன் தலைவன். நான் கேட்டு வாங்கிய பதவி இல்லை, தானாக வந்தது.

இதற்கிடையில் எங்கள் வீட்டுக்கு வர வேண்டிய அமெரிக்கப் பெண்ணும் வந்து இறங்கினாள். நல்ல உயரம். வாசல் நிலையில் தலை இடிக்காமல் நுழைய அவளுக்கு மூன்று நாள் பிடித்தது. என்னை 'அப்பா' என்பாள். அதில் வரும் 'ப்' எழுத்தை ஊதித்தான் சொல்வாள். நன்றாக வரைவாள். வந்த ஆறாம் நாள், சனிக்கிழமை, என் மகள் அவளிடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்தாள். அமெரிக்காவில் பள்ளிக்கூடத்திலேயே ரோடு சட்டம் சொல்லித்தருவார்களாம். பரிமாற்றத்தில் போன பிள்ளைகள் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்றாலும் என் மகளும் மலாய்ப் பெண்ணும் அந்த வகுப்பில் உட்கார்ந்து படித்திருந்தார்கள். அந்தப் பாடப் புத்தகம் அது. லோரி பம்பருக்கு அடித்து மிச்சமிருந்த மஞ்சள் பெயிண்டில், அந்த வெயிலில், முட்டி போட்டு அந்தப் பெண் என் யார்டு சிமெண்டுத் தரை முழுக்க ரோடு வரைந்தாள். முச்சந்தி, நாற்சந்தி, நடுவில் வண்டிச்சக்கரம் போல, வண்டிகள் சுற்றித் திரும்பும் ஒரு பெரிய ரவுண்டபவுட். சுற்றிலும் அம்புக்குறி. நான் துறைமுகத்திலிருந்து வந்து பார்த்தபோது அவள் முழங்காலும் மஞ்சள், மூக்கும் மஞ்சள். படம் மட்டும் அச்சடித்த மாதிரி இருந்தது.

முதல் ஞாயிறு. எட்டுப் பெண்களும் ஆளுக்கொரு முறுக்குத் தகர மூடியை ஸ்டியரிங் மாதிரி பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். பெண்பிள்ளைகள் சட்டம் சொன்னார்கள். சட்டம் மட்டும் போதுமா? நான் ரவுண்டபவுட்டுக்கு நடுவில் ஓர் எண்ணெய் டிரம்மைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றேன்.

"கையைப் பார்த்து ஓட்டாதே, ரோட்டைப் பாரு! சிக்னல் போடு! வாயில சத்தம் கொடு!"

எட்டுப் பேரும் டிக்டிக் என்று வாயால் சிக்னல் போட்டுக்கொண்டு என்னைச் சுற்றி நடந்தார்கள். இரண்டாவது சுற்றில், பூக்கட்டும் அக்கா நின்றுவிட்டார்.

"அண்ணே, இப்படிச் சுத்துறது ஒரு மாதிரியா இருக்கே. சுடுகாட்டுல கொள்ளிக்குடம் சுத்துற மாதிரி."

"அக்கா, இது கோயிலும் இல்ல, சுடுகாடும் இல்ல. இது ரோடு. அம்பு எந்தப் பக்கம் காட்டுதோ அந்தப் பக்கம் போங்க. முப்பது வருஷம் ஓட்டினவன் சொல்றேன்."

எல்லோரும் என் வீட்டுக்காரியைப் பார்த்தார்கள். அவள் டிரம்மேல் நின்ற என்னைப் பார்த்தாள். ஓரத்தில் உட்கார்ந்து முழங்கால் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்த அமெரிக்கப் பெண்ணைப் பார்த்தாள்.

"நடங்கடி" என்றாள்.

நடந்தார்கள்.

அடுத்த ஞாயிறு சும்மா இருந்திருக்கலாம். எனக்கு அது வராது. கிள்ளானில் என்னைப் போல லோரி வைத்திருந்த மூன்று முதலாளிகளை அழைத்து வந்தேன். இரண்டு தமிழர், ஒரு சீனர். வகுப்பைக் காட்டி, "எப்படி? ஒவ்வொரு அம்பும் நானே அளந்து போட்டது" என்றேன். அது ஒரு பேச்சுக்குச் சொன்னது. வீட்டுக்காரி தகர மூடியோடு பக்கத்தில் போய்க்கொண்டிருந்தாள், காதில் விழுந்திருக்கும். சீன முதலாளி தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார், வெகுநேரம் பார்த்தார்.

"பாஸ், உங்க ரோடு ரொம்ப ஸ்பெஷல் லா" என்றார்.

நான் அவர் முதுகில் தட்டிக் கொடுத்தேன். பின் சீட்டுப் பந்தயத்தையும் மூன்று பேர் முன்னாலும் இன்னொரு தடவை சொன்னேன்.

மறுநாள் மகள் என் ஆபீசுக்கு வந்தாள். கூடவே மலாய்ப் பெண். வாசலில் அமெரிக்கப் பெண், உள்ளே வராமல்.

"அப்பா, அந்த வட்டத்தைக் கொஞ்சம் அழிச்சுட்டு வேற போடலாமாப்பா?"

"ஏன்?"

"சும்மாத்தான். பெயிண்ட் மங்கின மாதிரி..."

"நேத்து மூணு முதலாளி வந்து அசந்து போயிருக்கானுங்க. நான் போட்டதுன்னு சொல்லியிருக்கேன். ஒரு அம்பை யாரும் தொடக் கூடாது."

மலாய்ப் பெண் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். என் மகள் அவள் காலை மிதித்தாள். மூன்று பேரும் போய்விட்டார்கள். அன்றிலிருந்து அமெரிக்கப் பெண் என் தட்டில் தானாக இன்னொரு கரண்டிக் கறி வைக்கத் தொடங்கினாள். தலைவருக்கு மரியாதை என்று சாப்பிட்டேன்.

இன்னொன்றும் கவனித்தேன். ஒவ்வொரு ஞாயிறும் வகுப்பு முடிந்து நான் தேத்தண்ணி குடிக்கப் போனதும், என் வீட்டுக்காரி மற்ற ஏழு பேரையும் டயர் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போவாள். குசுகுசு. பிறகு ஒரே சிரிப்பு. முறுக்குப் பக்குவம் ஏதாவது சொல்லிக்கொடுக்கிறாள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். பெண்கள் சிரிப்பதையெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தால் பதினொரு லோரி யார் பார்ப்பது?

ஐந்தாவது வாரம் முடிந்து பரீட்சை நாள் வந்தது. எட்டுப் பேரில் முதல் தேதி என் வீட்டுக்காரிக்குத்தான். காலையில் காரில் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பதினெட்டு வயதில் என்னைக் கட்டிக்கொண்டபோதுகூட அவள் கை அப்படி வேர்த்ததில்லை.

"பயப்படாதே. யார்டுல நடந்த மாதிரியே மேசையிலயும் பண்ணு" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

நான் யார்டுக்குத் திரும்பினேன். கிள்ளானுக்குள் நுழையும் இடத்தில் ரவுண்டபவுட். ஆயிரம் தடவை சுற்றியது. கை தானாகத் திருப்பியது. வட்டத்தின் நடுவில் நின்ற செடிகள் என் வலது கைப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தன. அப்போது யார்டில் டிரம்மேல் நின்ற ஞாபகம் வந்தது. பெண்கள் சுற்றி வருகிறார்கள். நடுவில் நிற்கும் நான் அவர்களுக்கு எந்தப் பக்கம்?

இடது பக்கம்.

இல்லையே, சரியாகத்தானே இருக்கும் என்று இன்னொரு தடவை சுற்றினேன். செடி வலப் பக்கம். சந்தேகத்துக்கு மூன்றாவது தடவையும் சுற்றினேன். பக்கத்தில் வந்த பஸ்ஸிலிருந்து ஒரு தமிழ்க் கண்டக்டர் தலையை நீட்டி, "என்ன அண்ணே, வேண்டுதலா? இன்னும் எத்தனை சுத்து?" என்று கத்தினான்.

அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. நம் நாட்டில் வண்டி இடது ஓரம் போகும். ரவுண்டபவுட்டில் சாமியை வலம் வருவது போலத்தான் போக வேண்டும். அமெரிக்காவில் எல்லாமே எதிர்ப் பக்கம். அந்தப் புத்தகத்தைப் பார்த்து அந்தப் பிள்ளை அப்படியே வரைந்திருக்கிறது. பூக்கட்டும் அக்கா முதல் நாளே சொல்லியிருக்கிறார், சுடுகாட்டுச் சுற்று என்று. முப்பது வருடம் ஓட்டியவன் டிரம்மேல் ஏறி நின்று எட்டுப் பெண்களை ஐந்து வாரம் இடமாகச் சுற்ற வைத்திருக்கிறேன். என் கைக்குத் தெரிந்தது என் கண்ணுக்குத் தெரியவில்லை. லோரியில் உட்கார்ந்தால் நான் ராஜா. தரையில் கிடந்த படத்தை மேலிருந்து பார்க்க எந்தப் பள்ளிக்கூடத்திலும் நான் படிக்கவில்லை.

போதாததற்கு, யார்டில் நடந்த மாதிரியே பண்ணு என்று வேறு சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

காரைத் திருப்பினேன். பரீட்சை நடக்கும் இடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று கேட்காதீர்கள். ரோடு சட்டம் பற்றி எழுதும்போது அதைச் சொல்வது முறையில்லை. கட்டடத்தைச் சுற்றி ஓடினேன். அடுக்கடுக்காகக் கண்ணாடிப் பட்டை போட்ட சன்னல். இடுக்கு வழியாகப் பார்த்தால், மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, இந்தப் பக்கம் என் வீட்டுக்காரி. முன்னால் பச்சை அட்டையில் ரோடு, நடுவில் ஒரு வட்டம். அதிகாரி ஒரு சிவப்புப் பொம்மைக் காரை எடுத்து அவளிடம் கொடுத்தார். மூன்றாவது வழியில் வெளியே போகும்படி விரலால் காட்டினார்.

அவள் காரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

நான் சன்னலுக்கு வெளியே நின்று கையைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினேன். இந்தப் பக்கம், இந்தப் பக்கம்! அதிகாரி தலையைத் தூக்கிப் பார்த்தார். ஈயை விரட்டுவது போல என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். அவர் கண்ணில் படாமல் நான் குனிந்தேன். மறுபடி எட்டிப் பார்க்கும்போது சிவப்புக் கார் வட்டத்தின் வாயில் நின்றது. வலப் பக்கமிருந்து அதிகாரி ஒரு நீலக் காரை உருட்டினார். அவள் காத்திருந்து வழி விட்டாள். பிறகு இடது பக்கம் நுழைந்து, வட்டம் வலது பக்கம் இருக்க, அழகாக, நிதானமாக வலம் வந்து, மூன்றாவது வழியில் வெளியே போனாள். வாயால் டிக்டிக் வேறு. போனவள் சும்மா இருக்கவில்லை. பழக்க தோஷம், காரை வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அதிகாரி சிரித்துவிட்டார். தாளில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்தவளைப் பிடித்து நிறுத்தினேன். எனக்கு மூச்சு வாங்கியது.

"பாஸா?"

"பாஸ்."

"நீ எப்படி... யார்டுல நாம அந்தப் பக்கம்தானே..."

"ஏங்க, இருபது வருஷம் உங்க பக்கத்துல உட்கார்ந்து வந்தேனே, கண்ணை மூடிக்கிட்டா வந்தேன்?"

"அப்ப தெரியுமா?"

"மொத நாளே தெரியும். எட்டுப் பேருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாதுன்னும் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்டி அஞ்சு வாரம் தப்பா நடந்தீங்க?"

அவள் முந்தானையை உதறினாள். "அந்தப் பிள்ளை வந்து ஒரு வாரம்கூட ஆகல. வெயில்ல முட்டி போட்டு வரைஞ்சிருக்கு. மொத நாளே தப்புன்னு சொன்னா முகம் எப்படிப் போகும்? சரி, அடுத்த வாரம் மெதுவாச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க மூணு முதலாளியைக் கூட்டிட்டு வந்து, எல்லா அம்பும் நான் போட்டதுன்னு சொல்லிட்டீங்க. அப்புறம் அழிச்சா உங்க முகம் எப்படிப் போகும்?"

"கொட்டகைக்குப் பின்னால குசுகுசுன்னு..."

"அதான் வகுப்பு. 'யார்டுல நடக்கிறது முதலாளிக்காக. மேசையில சாமியைச் சுத்துற மாதிரி சுத்துங்க.' அவ்வளவுதான் பாடம்."

வீட்டுக்கு வந்தால் மூன்று பெண்களும் வரிசையாக நின்றார்கள். மலாய்ப் பெண்தான் முதலில் பேசினாள், "அங்கிள், ஜாங்ஙான் மாரா" என்று, கோபப்படாதீர்கள் என்கிற மாதிரி கையைப் பிசைந்துகொண்டு. என் மகள் தரையைப் பார்த்தாள். "ரெண்டாவது வாரமே கண்டுபிடிச்சுட்டோம்பா. அம்மாதான் விடச் சொல்லுச்சு." அமெரிக்கப் பெண் அழுகிற மாதிரி, "சாரி, அப்பா" என்றாள். அப்போதுதான் அந்தக் கூடுதல் கரண்டிக் கறி எதற்கு என்று விளங்கியது.

நான் மூன்று பேரையும் உட்காரச் சொன்னேன். பிறகு சொன்னேன்: "சரியான பக்கம் சொல்லிக்கொடுத்துப் பாஸ் பண்ண வைக்க எந்த வாத்தியாராலயும் முடியும். எதிர்ப் பக்கம் சொல்லிக்கொடுத்து பாஸ் பண்ண வச்சவன் நான் ஒருத்தன்தான்."

என் மகள், "காலியாத் திரும்பல, அப்பா. ஆனா லோடைத் தலைகீழா ஏத்திட்டு வந்துட்டேன்" என்றாள். மகள் அவள் அம்மா வயிற்றில் பிறந்தாலும் வாய் என்னுடையது.

மிச்ச ஏழு பேரும் அடுத்தடுத்த தேதிகளில் மேசையில் தேறினார்கள். என் வீட்டுக்காரி நிஜக் காரில் பழகி, தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் ரோட்டுப் பரீட்சையிலும் முதல் தடவையே தேறினாள். மஞ்சள் வட்டத்தை அழிக்க அமெரிக்கப் பெண் பெயிண்ட் டப்பாவோடு வந்தாள். வேண்டாம் என்றேன். அம்புகளுக்கு மட்டும் தலையை அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு மாற்றச் சொன்னேன். பழைய தலையும் லேசாகத் தெரிந்துகொண்டே இருந்தது. அடுத்த வருடம் அமெரிக்கா போகத் தேர்வான பிள்ளைகளை அங்கே கூட்டி வந்து, "இது நம்ம ரோடு, அது அவங்க ரோடு" என்று ஒரே வட்டத்தில் இரண்டையும் காட்டினேன். அதற்குப் பாரம் எதுவும் நிரப்ப வேண்டியதில்லை.

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது முறுக்குப் புறப்பட்டது. முன் சீட்டிலும் தகரம், பின்னாலும் தகரம், எனக்கு மிஞ்சியது பின் சீட்டில் ஒரு மூலை. மடியில் ஒரு தகரம். சொன்ன சொல் சொன்ன சொல்தான். தெரு முனையில் எட்டில் மிச்சமிருந்த ஏழு பேரும் நின்று கைதட்டினார்கள். அந்த மூன்று முதலாளிகளுக்கும் யார் சொல்லி அனுப்பினார்கள் என்று தெரியாது. சீன முதலாளி காப்பிக் கடை வாசலில் எழுந்து நின்று எனக்கு சல்யூட் அடித்தார்.

ரவுண்டபவுட் வந்தது. அவள் வண்டியை மெதுவாக்கினாள். கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, தலைவரே, எந்தப் பக்கம்?"

"நீ போற பக்கம்."

பிரிக்பீல்ட்ஸில் கடைக்கார அம்மா ஒவ்வொரு தகரமாக மூடி திறந்து பார்த்தார். எல்லாம் முழுசு. என் மடியில் இருந்த தகரத்தில் மட்டும் ஒன்று உடைந்திருந்தது. அது ரோட்டால் உடைந்தது இல்லை. பின் சீட்டில் உட்கார்ந்து வருகிறவனுக்கு வேறு என்ன வேலை? நான்தான் பாதியைச் சாப்பிட்டிருந்தேன்.